ஐந்து வாரக் குழு: மகனை ஆய்வில் சேர்த்த அனுபவம்

2017 ஆகஸ்டில் என் மகனுக்கு 8 வயது. காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கால் வலிக்கிறது என்று பள்ளிக்குப் போகும் வழியில் உட்கார்ந்துவிடுவான். அது டெங்குக் காலம். தட்டணுக்கள் குறைந்திருந்ததைப் பார்த்து எங்கள் ஊர்ப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் 9 நாட்கள் டெங்குவுக்கே வைத்தியம் நடந்தது. பத்தாம் நாள் இரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்த்த ஓர் இளம் மருத்துவர்தான், இன்றே சென்னைக்குக் கிளம்புங்கள் என்று சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் ஏ.எல்.எல். என்று உறுதியானது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிக அதிகமாகக் காணப்படும் இரத்தப் புற்று அது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கான தாள்கள், இரத்தம் கொடுக்க ஊரிலிருந்து வந்தவர்கள், மருத்துவமனைக்கு அருகில் எடுத்த ஒற்றை அறை ஆகியவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி அன்று எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை என்பதால் அதை எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் மருத்துவர் எங்கள் இருவரையும் தனி அறையில் உட்கார வைத்து, 11 பக்கங்கள் கொண்ட தமிழ்ப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். இந்த நோய்க்கான முதல் கட்டச் சிகிச்சையில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 5 வாரங்கள் கொடுப்பது அங்கு வழக்கம். அது புற்றணுக்களை நன்றாகக் கொல்லும். கூடவே உடலின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கும், காய்ச்சலைக்கூட வெளியில் தெரியாமல் மறைத்துவிடும். நம் நாட்டில் முதல் மாதத்திலேயே இழக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோரைப் புற்றால் அல்ல, கிருமித் தொற்றால் இழக்கிறோம் என்றார் அவர். நோய் தீவிரம் குறைந்த சிறு பிள்ளைகளுக்கு அதை 3 வாரங்களில் நிறுத்தினால் தொற்று குறையுமா, நோய் கட்டுப்படுவதில் குறை வராமல் இருக்குமா என்பதே ஆய்வின் கேள்வி. யாருக்கு எந்தக் கால அளவு என்பதைக் கணினி குலுக்கிப் போட்டு முடிவு செய்யும்.

"நம்ம பிள்ளையச் சோதனை எலி ஆக்கப் போறாங்களா?" என்று என் மனைவி என்னிடம்தான் கேட்டாள், பதில் மருத்துவரிடமிருந்து வந்தது. "எது நல்லதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அதையே கொடுத்திருப்போம்மா. ரெண்டுல எதுன்னு நிஜமாவே தெரியல." மருத்துவர் ஒருவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. அன்று அது எனக்கு ஆறுதலாக இல்லை, பயமாகத்தான் இருந்தது. பிறகு அவர், மகனுக்கு முதுகுத் தண்டில் போடப்போகும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியைப் பற்றிச் சொன்னார். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவுக்குப் போன எல்லாப்பிரகடா சுப்பாராவ், லெடர்லே ஆய்வகத்தில் தம் குழுவுடன் உருவாக்கிய மருந்துகளின் வரிசையில் வந்தது அது. அவ்வரிசையின் முந்தைய மருந்தான அமினோப்டெரினைப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இந்த நோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, சிலருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதை 1948இல் வெளியிட்டார். அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் எதுவும் தெரியாமல்தானே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

படிவத்தை அறைக்குக் கொண்டுபோய் இரண்டு முறை படித்தோம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை தொடரும் என்ற வரியின் கீழ் மனைவி கோடு போட்டாள். கையெழுத்துப் போடும் முன் மகனிடமும் கேட்க வேண்டும் என்றார்கள். 7 வயதைக் கடந்த பிள்ளையின் வாய்மொழி இசைவும் பெறப்பட வேண்டுமாம். அவன் கேட்டது ஒன்றுதான்: "ஊசி கூடுமா?" கூடாது, மாத்திரை வேண்டுமானால் குறையலாம் என்றார் ஆய்வுச் செவிலியர். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கணினி எங்களுக்கு ஐந்து வாரத்தைக் கொடுத்தது. கூட்டுறவுச் சங்கத்தில் 20 ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். குலுக்கல் என்றால் இரண்டில் ஒன்று என்பது தெரியாதவன் அல்லன். ஆனாலும் மூன்று வாரத்தை மனதுக்குள் நமக்கென்றே எடுத்து வைத்திருந்தேன் போலிருக்கிறது; இரண்டு நாட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனைவிக்கோ அது நிம்மதியாக இருந்தது. பழகிய வைத்தியமே கிடைத்தது, சாமி நம் பக்கம் என்றாள்.

ஆய்வு என்பதன் அன்றாட வடிவம் ஒரு நீல நிறக் குறிப்பேடு. காலையும் மாலையும் வெப்பநிலை, எடை, வாயில் புண் உண்டா, மலம் போனதா, எத்தனை இட்லி சாப்பிட்டான் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஸ்டீராய்டின் மூன்றாம் வாரத்தில் இரவு 2 மணிக்கு எழுந்து பருப்புச் சாதம் கேட்பான். தட்டு வருவதற்குள் அழுவான், வந்ததும் அம்மாவை அடிப்பான். முகம் உப்பி, கண் சிறுத்துவிட்டது. வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் ஊசி போட்ட வாரங்களில் தாடை வலிக்கிறது என்பான். மலம் 4 நாட்கள் இறுகிவிடும். அதைக் குறிப்பேட்டில் எழுதியிருந்ததால்தான் மறுநாளே இளக்கும் மருந்து கிடைத்தது. நடக்கும்போது பாதம் தரையில் சப்பென்று அடிப்பதையும் முதலில் எழுதியது மனைவிதான். அதன்பின் பிசியோதெரபி தொடங்கினார்கள்.

அந்த வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுகிறது என்று யாரோ சொல்ல, ஊரிலிருந்து என் அம்மா ஒரு பை நிறையச் செடியோடு வந்து இறங்கிவிட்டார். எங்கள் விருதுநகர்ப் பக்கத்தில் அது சுடுகாட்டுப் பூ. மானாவாரிக் காட்டில் பயிரிட்டு ஏற்றுமதிக்கும் அனுப்புவார்கள். கஷாயம் வைத்துக் கொடுத்தால் ஊசி வேண்டாமே என்பது அவருடைய வாதம். நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையிலிருந்து பிரித்தால்தான் ஒரு கிராம் மருந்து தேறும், இலையில் அதோடு வேறு பல நஞ்சுகளும் இருக்கின்றன, அளவு தெரியாமல் குடித்தால் உயிருக்கே ஆபத்து என்று செவிலியர் அவரிடம் அரை மணி நேரம் பேசினார். அம்மா முழுதாக நம்பினார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பை குப்பைக்குப் போனது.

சாப்பாட்டில் உறவினர்கள் விதித்த தடைகளுக்கு அளவே இல்லை. பழம் கூடாது, முட்டை கூடாது, தயிர் கூடாது. மருத்துவமனை சொன்னதோ எளிமையானது: கை கழுவுங்கள், சூடாகச் சமைத்து உடனே கொடுங்கள், முட்டையை முழுதாக வேகவையுங்கள், பழம் என்றால் தோலுரித்துக் கொடுங்கள். கடுமையான பத்திய உணவையும், சாதாரணச் சுகாதார விதிகளின்படி சமைத்த உணவையும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த குழந்தைகளிடமே ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வு, தொற்றில் வேறுபாடு இல்லை என்று கண்டது. பத்தியம் காக்கிறோம் என்ற பெயரில் பிள்ளையைப் பட்டினி போட்டவர்களை அந்த வார்டில் நானே பார்த்திருக்கிறேன். எடை இறங்கிய பிள்ளைகளால் மருந்தைத் தாங்க முடியவில்லை.

ஐந்து வாரமும் பெரிய தொற்றில்லாமல் கழிந்தது. முதல் கட்ட முடிவில் மஜ்ஜையில் எஞ்சிய புற்றணுக்களைத் தேடும் எம்.ஆர்.டி. சோதனை 0.01 சதவீதத்துக்கும் கீழே வந்தது. நாங்கள் பயந்திருந்த தொற்று, 2018 ஜூலையில் கடுமையான கீமோதெரபிக் கட்டத்தின் கடைசிச் சுற்றில், ஊருக்கு வந்திருந்தபோது வந்தது.

இரவு 12:40, வெப்பமானியில் 101.2 டிகிரி. மனைவி பாராசிட்டமால் பாட்டிலைத் திறந்துவிட்டாள். காய்ச்சலை அது மறைத்துவிடும், முதலில் தொலைபேசி என்பதுதான் எங்களுக்குப் பாடம் என்று அவள் கையைப் பிடித்தேன். ஆய்வுக் குழு எங்களுக்கு மஞ்சள் அட்டை ஒன்றைக் கொடுத்திருந்தது. இந்தக் குழந்தை கீமோதெரபியில் இருக்கிறது, காய்ச்சலென்றால் 60 நிமிடங்களுக்குள் நரம்பு வழியாக முதல் ஆன்டிபயாடிக் போட வேண்டும், ஆசனவாயில் வெப்பமானி வைக்கக் கூடாது என்று அதில் அச்சிட்டிருந்தது. பக்கத்து நகரத்து மருத்துவமனையில் 1:20க்கு நுழைந்தோம். முதலில் பதிவுச் சீட்டு, பிறகு முன்பணம், அதன்பிறகு பணி மருத்துவர். அவர் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், ஊரெல்லாம் வைரல் காய்ச்சல், காலையில் இரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் ஆய்வுச் செவிலியரை அழைத்தேன். தூக்கத்திலிருந்து எழுந்தவர் எங்கள் மருத்துவரை இணைப்பில் கொண்டுவந்தார். இரண்டு மருத்துவர்களும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. 3:10க்கு மருந்து ஏறியது.

காலையில் வந்த அறிக்கையில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள், அதாவது ஏ.என்.சி., 180, அது 500க்குக் கீழே இருந்தாலே ஆபத்து. இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையிலும் பிறகு கிருமி வளர்ந்தது. சென்னைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோய் 8 நாட்கள் படுக்கையில் வைத்திருந்தோம். அந்த நிகழ்வுக்காக நிரப்பிய ஆய்வுப் படிவத்தில், மருத்துவமனைக்கு வந்ததிலிருந்து முதல் மருந்து வரை எத்தனை நிமிடங்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. செவிலியர் கேட்க, நான் 110 என்றேன். எவர் மீதும் புகார் எழுதவில்லை. ஆனால் அந்த எண் எங்கோ பதிவாகிறது என்பதே, அன்று கோபத்தை அடக்க எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதன்பின் வந்த இரண்டு ஆண்டுப் பராமரிப்புச் சிகிச்சை பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தது. இரவில் 6-மெர்காப்டோபியூரின் மாத்திரை, இரத்த எண்ணிக்கையைப் பார்த்து அதை அரையாகவும் முக்காலாகவும் மாற்றுவது, மாதம் ஒருமுறை பொதிகை ரயிலில் சென்னை. 2020 ஜூலையில், ஊரடங்குக்கு நடுவே, கடைசி மாத்திரையை விழுங்கினான்.

ஆய்வு அதோடு விடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை இதயத்தின் எக்கோ, எடை, உயரம், நோய் திரும்பியதா என்ற ஒரு கேள்வி. இப்போதெல்லாம் தொலைபேசியை அவனே எடுத்து, நல்லா இருக்கேன் சிஸ்டர் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறான். அவனுக்கு 18 வயது நிறையும்போது நாங்கள் போட்ட கையெழுத்து செல்லாது; தொடர்ந்து இருக்க விருப்பமா என்று அவனிடமே புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும் என்று சென்ற முறை சொன்னார்கள். நீலக் குறிப்பேட்டை அவன் ஒருமுறைகூடப் படித்ததில்லை. படிவம் வரும்போது அதையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறாள் அவன் அம்மா.