பொலிமர் கிளேயில எங்கட சாப்பாடு: நான் பழகின ஒழுங்கு

பொலிமர் கிளே எண்டிற, ஓவனில வைச்சா இறுகிற பிளாஸ்ரிக் களியில குட்டிக் குட்டிச் சாப்பாட்டு உருவம் செய்ய எந்தக் கிளாஸுக்குப் போய்ப் பழகினனீங்கள் எண்டு கனபேர் என்னைக் கேக்கினம். கிளாஸ் ஒண்டுமில்லை, ஏ.எல். எழுதிப்போட்டு ரிசல்ட்டுக்குப் பாத்துக்கொண்டிருந்த நேரம் வீடியோ பாத்துப் பழகத் தொடங்கினதுதான். ஆனா அந்த வீடியோக்களில வாறது முழுக்க டோனற், பேகர், ஸ்ரோபெரி கேக். யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு அதைச் செய்தா சரியா வந்ததோ இல்லையோ எண்டு வீட்டில ஆருக்கும் சொல்லத் தெரியாது, அதே ஒரு பருத்தித்துறை வடையைச் செய்து அம்மம்மாட்டக் காட்டினா "உது பொரிஞ்சது காணாது" எண்டு உடன பிழை பிடிப்பா. அதால புதுசாப் பழகிற ஆக்களுக்கு நான் முதல் சொல்லுறது, நீங்கள் ஒவ்வொரு நாளும் சாப்பிடுற சாமானில தொடங்குங்கோ, பிழை சொல்ல வீட்டிலயே ஆள் இருக்கும்.

கிளே வாங்கேக்க ஓவனில பேக் பண்ணுறதோ எண்டு பாக்கெற்றில பாருங்கோ. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு விக்கிற மெழுகுக் கிளே எந்தக் காலத்திலயும் இறுகாது, காத்தில காயிற கிளே காயேக்க சுருங்கும். ஃபிமோ, ஸ்கல்பி, செர்னிற் எண்ட பிராண்டுகளில எது கிடைச்சாலும் சரி. வெள்ளை, ட்ரான்ஸ்லூசன்ற் (வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவுற நிறமில்லாத கிளே), மஞ்சள், சிவப்பு, நீலம், மண்ணிறம் இருந்தா காணும், மிச்சத்தைக் கலந்து எடுக்கலாம். ரூல் செற் எண்டு காசைக் கொட்டாதேங்கோ, ஊசி, பிளேட், பழைய ரூத்பிரஷ், கசக்கின அலுமினியம் ஃபொயில் இவ்வளவும்தான் நான் இப்பவும் பாவிக்கிறது. ஒரு விசயம், எங்கட வெயிலுக்குக் கிளே கையில ஒட்டுற அளவுக்கு இளகிப்போம், கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில வைச்செடுத்தா பிளேட்டால வெட்ட வடிவா வரும்.

அளவு அநேகமா 1:12. நிசத்தில 12 சென்ரிமீற்றர் இருக்கிற இடியப்பம் 1 சென்ரிமீற்றர் ஆகும், 6 சென்ரிமீற்றர் வடை 5 மில்லிமீற்றர். இதில சிக்கல் என்னண்டா இடியப்பத்தின்ர ஒரு இழையையும் பன்னிரண்டால பிரிச்சா அது தலைமயிர் மொத்தத்துக்கு வந்திடும், அப்பிடிச் செய்யவும் ஏலாது, செய்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அப்ப இழையைக் கொஞ்சம் மொத்தமா விடவேணும். லிக்விட் கிளே (ஊத்திற பதத்தில வாற பொலிமர் கிளே) கலந்து நல்லா இளக்கின கிளேயை ஊசி போடுற சிரிஞ்சுக்குள்ள வைச்சு இடியப்பம் பிழியிற மாதிரியே சுத்திச் சுத்திப் பிழியுங்கோ. தனி வெள்ளை போட்டா பிளாஸ்ரிக்காத்தான் தெரியும், அரைவாசிக்கு மேல ட்ரான்ஸ்லூசன்ற் கலந்து ஊசிமுனையளவு மஞ்சள் போட்டாத்தான் அவிஞ்ச மாவின்ர நிறம் வரும்.

புட்டுக்கு வேற வழி. கிளேயை முதல் பேக் பண்ணி இறுகினாப்பிறகு சின்னக் கண் ஸ்கிரேப்பரில துருவுங்கோ, அந்த ஸ்கிரேப்பரைத் திரும்பக் குசினிக்குக் கொண்டுபோகக் கூடாது. துருவின தூளில ஒரு சொட்டு லிக்விட் கிளே விட்டுப் பிரட்டி ஸ்ட்ரோத் துண்டுக்குள்ள அமத்தி, இடைக்கிடை வெள்ளைத் தூளைத் தேங்காய்ப்பூவாப் போட்டு, வெளியில தள்ளிப்போட்டுத் திரும்ப பேக் பண்ணுங்கோ. எத்தினை தரம் பேக் பண்ணினாலும் கிளேக்கு ஒண்டும் ஆகாது, ஸ்ட்ரோ மட்டும் ஓவனுக்குள்ள போகக் கூடாது.

வடையிலதான் உண்மையான படிப்பு இருக்கு. உருவம் ஒரு நிமிச வேலை, தட்டையா அமத்தினாச் சரி, பொரிஞ்சது மாதிரித் தெரியிறது முழுக்க மேற்பரப்பாலயும் நிறத்தாலயும்தான். ரூத்பிரஷால குத்தி, ஊசியால அங்க இங்க கிளப்பி விட்டு, சிவப்பில சின்னச் சின்னத் துண்டு மிளகாய்க்கு வைச்சிட்டு, பிறகு சோக் பேஸ்ரலை (படம் கீறுற கலர்ச் சோக்கை) பிளேட்டால சுரண்டித் தூளாக்கி, காய்ஞ்ச பிரஷால பூசவேணும். முதல் காவி மஞ்சள், பிறகு செங்கல் நிறம், கடைசியாக் கரும்மண்ணிறம் ஓரத்திலயும் மேடான இடத்திலயும் மட்டும். எல்லாம் பேக் பண்ண முதல். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சிவந்த வடையை ஆரும் கண்டிருக்கமாட்டினம், அதால பிரஷைச் சமனா ஓட்டாதேங்கோ. உண்மை வடை ஒண்டை மேசையில பக்கத்தில வைச்சுக்கொண்டு செய்யிறது நல்லது, ஆனா வேலை முடியுமட்டும் அது மேசையில இருக்கவேணும்.

குழம்பு, கூழ் எல்லாம் லிக்விட் கிளேதான். அதில பேஸ்ரல் தூளோ ஒயில் பெயின்ரோ கலவுங்கோ, தண்ணிப் பெயின்ர் கலந்தா ஓவனில குமிழி வரும். கூழுக்கு நண்டுக்கால், பயித்தங்காய்த் துண்டு, பலாக்கொட்டை எண்டு ஒவ்வொண்டாச் செய்து முதலே பேக் பண்ணி வைச்சிட்டு, பிறகு அரைவாசி தாழவும் அரைவாசி மேல தெரியவும் போடுங்கோ.

பேக்கிங் பிராண்டுக்குப் பிராண்ட் வேற. ஃபிமோ 110 பாகை செல்சியஸில 30 நிமிசம், ஸ்கல்பி பிரீமோ 130 பாகை. சின்ன ஓவன்களில டயல் சொல்லுற சூடும் உள்ளுக்க இருக்கிற சூடும் ஒண்டில்லை, அதுக்கு ஒரு ஓவன் தேர்மாமீற்றர் கட்டாயம் வாங்குங்கோ, நான் காசு செலவழிக்கச் சொல்லுற ஒரே சாமான் அதுதான். கனக்கச் சூடாகிக் கருகினா இது பிவிசி பிளாஸ்ரிக் எண்டபடியால கூடாத புகை வரும், யன்னலைத் திறந்து வையுங்கோ. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். வெள்ளையும் ட்ரான்ஸ்லூசன்றும்தான் முதல் மஞ்சளாப் போறது, மேல ஃபொயிலால கூடாரம் மாதிரி மூடுங்கோ. இடையில கறன்ற் போனாப் பயப்பிடத் தேவையில்லை, வந்தாப்பிறகு திரும்ப வைக்கலாம். ஆறினாப்பிறகு மெல்லிய துண்டு டக்கெண்டு உடைஞ்சா அது கனக்க வெந்திட்டுதெண்டு நினைக்கிறவை கனபேர், அது அநேகமா வேகாததுதான்.

கடைசியா வார்னிஷ். குழம்புக்கும் சொதிக்கும் மினுக்கம் வேணும், யூவி ரெசின் விட்டா எங்கட மத்தியான வெயிலிலயே இறுகும், கையுறை மட்டும் போடுங்கோ. இடியப்பம், புட்டு, பாண் இதுகளுக்கு ஒண்டும் பூசாதேங்கோ. வீட்டில சின்னப் பிள்ளையள் இருந்தா உயரத்தில வையுங்கோ, வடையை நேர வாயிலதான் வைக்குங்கள்.