மரத்தில் தொங்கும்போது இரண்டாவது பிடி

வட அமெரிக்காவில் வில்லெடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர்களிடம், இடுப்பையும் தொடையையும் சுற்றி அணியும் ஓர் இருக்கைப்பட்டியில் அமர்ந்து, மரத்தில் கட்டிய கயிற்றில் மணிக்கணக்காகச் சாய்ந்திருக்கும் வழக்கம் உண்டு. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் அந்தப் பட்டி ஒன்றை, அதற்குரிய கயிறுகளோடும் கொளுக்கிகளோடும் வாங்கி அனுப்பிவைத்தார். எனக்கு வேட்டை இல்லை. வளவில் நிற்கும் பனைகளின் காவோலை வெட்டவும், கூரைப்பக்கம் சாய்ந்துவிட்ட வேப்பங்கொப்புகளைத் தறிக்கவும்தான் அதைப் பாவிக்கிறேன். வேலை எதுவானாலும் ஆளைத் தாங்குவது ஒரே கயிறு என்பதால், அது தவறினால் தாங்குவதற்கு இன்னொன்று எப்படி அமையவேண்டும் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஏறும்போது மரத்தைச் சுற்றி வந்து பட்டியின் இரு பக்க வளையங்களிலும் கொளுவப்படுவது இடுப்புக்கயிறு. வேண்டிய உயரத்தை அடைந்ததும் தலைக்கு மேலே தண்டில் சுருக்குப்போட்டு இறுக்குவது தொங்குகயிறு. அந்தத் தொங்குகயிற்றில், கயிற்றைக் கவ்வி ஆளை நிறுத்தும் ஒரு பிடிகருவியோ, அதே வேலையைச் செய்யும் புருசிக் என்ற சுற்றுமுடிச்சோ இருக்கும். அதில் ஒரு கொளுக்கி. அந்தக் கொளுக்கி, பட்டியின் இரு பக்கங்களையும் வயிற்றுக்கு முன்னால் இணைக்கும் முன்கயிற்றில் மாட்டப்பட்டிருக்கும். சுருக்கு, கயிறு, கருவி, கொளுக்கி, முன்கயிறு, பட்டி என்று எல்லாம் ஒரே வரிசையில் நிற்பதால், இவற்றில் எது விட்டாலும் மற்றவை உறுதியாக இருந்து பயனில்லை.

இரண்டாவது பிடி என்று பலர் செய்வதைப் பார்த்தால், அது பெரும்பாலும் முதலாவதோடு எங்கோ ஓரிடத்தில் சேர்ந்துவிடுகிறது. இரண்டு கயிறுகளைக் கொண்டுவந்து ஒரே கொளுக்கியில் மாட்டினால், அந்தக் கொளுக்கியின் வாய் திறந்துகொள்ளும் நேரத்தில் இரண்டும் சேர்ந்தே போகும். நல்ல கொளுக்கியின் முதுகில் நீளவாட்டுக்கு 22 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிலோ பாரம் இழுக்கும் விசை) போன்ற ஓர் அளவு பொறித்திருக்கும். அதே கொளுக்கி குறுக்குவாட்டில் திரும்பி இழுபட்டால் தாங்குவது ஏறத்தாழ 7 மட்டுமே. ஆகையால் மரத்திலிருந்து பட்டிவரைக்கும் தனக்கென்று ஒரு கயிறு, ஒரு கொளுக்கி, ஒரு வளையம் இருப்பதைத்தான் நான் இரண்டாவது பிடி என்று ஏற்றுக்கொள்வேன்.

அதற்கு முன்னர், செலவே இல்லாமல் அதே கயிற்றில் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. தொங்குகயிற்றின் நுனியில் ஒரு பருத்த முடிச்சு எப்போதும் இருக்கவேண்டும்; கருவி வழுக்கிக்கொண்டு போனாலும் கயிற்றை விட்டு வெளியேறாது. ஓரிடத்தில் நின்று வேலை செய்யும் நேரத்தில், கருவிக்குச் சற்றுக் கீழே, 8 என்ற இலக்கத்தின் வடிவிலுள்ள எட்டு முடிச்சில் ஒரு காது போட்டு, அதை வேறொரு கொளுக்கியால் பட்டியில் மாட்டிவிடலாம். பற்கள் வைத்த கருவியைப் பாவிக்கிறவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. தளர்ந்த கயிற்றில் விழுந்து திடீரென்று இழுபடும்போது அந்தப் பற்கள் 4 முதல் 6 கிலோநியூட்டன் விசையிலேயே கயிற்றின் மேலுறையைக் கிழிக்கத் தொடங்கிவிடும்.

ஏறி இறங்கி இடம் மாறும்போது எட்டு முடிச்சு இடைஞ்சல் தரும். அப்போது உதவுவது புருசிக் முடிச்சு. ஒஸ்திரிய மலையேறியான கார்ல் புருசிக் 1931 இல் எழுதி அறியச்செய்த முடிச்சு அது. 11 மில்லிமீற்றர் கயிற்றில் 8 மில்லிமீற்றர் வளையக்கயிற்றை மூன்று தரம் சுற்றி, சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் விரலால் அடுக்கி இறுக்கினால், பாரம் விழுந்ததும் கயிற்றைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். முடிச்சைக் கைக்குள் பொத்திப் பிடித்தால் மட்டும் அது கடிக்காது. விழப்போகிற மனிதன் கைக்குக் கிடைத்ததைப் பற்றுவது இயல்பு என்பதால், முடிச்சைக் கண்ணுக்கு எதிரே வைக்காமல் கருவிக்குக் கீழே இடுப்புப் பக்கமாக வைக்கிறேன். அதன் வளையம் கருவியில் போய் முட்டாத அளவுக்குக் குட்டையாக இருக்கவேண்டும். முட்டினால் முடிச்சு தளர்ந்துவிடும். வேம்பின் பிசின் பட்ட இடத்திலும், முன்பு உரசிச் சூடேறிக் கண்ணாடிபோல் மினுங்கும் இடத்திலும் பிடி நம்பத்தக்கதல்ல. முழங்கால் உயரத்தில் தொங்கி, கருவியை வேண்டுமென்றே திறந்துவிட்டு, முடிச்சு தாங்குகிறதா என்று பார்த்த பின்னரே மேலே போகிறேன்.

இங்கே கடைகளில் நைலோன் கயிறு என்று வாங்கும் நீலக் கயிறு பெரும்பாலும் நைலோன் அல்ல. பொலித்தீன் அல்லது பொலிபுறோப்பிலீன் வகையைச் சேர்ந்தது. வழுக்கும், உரசலில் நைலோனைவிட எளிதாக உருகும், வெயிலில் கிடந்தால் உதிரும். கிடுகுவேலி கட்டவும் வள்ளம் கட்டவும் அது நல்ல கயிறுதான். மனிதனைத் தொங்கவிட அதை எடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனிப் பனைக்கு வருகிறேன். வேம்பில் இடுப்புக்கயிற்றை ஒரு கவட்டுக்கு மேலால் போட்டுவிட்டு நின்றால், தொங்குகயிறு விட்டாலும் அது கவட்டில் தங்கி ஆளைப் பிடிக்கும். கொப்பில்லாத பனையில் அதே கயிறு தண்டோடு சறுக்கிக் கீழே வந்துவிடும். தண்டைக் கட்டி இறுக்கும் சுருக்கு அதில் இல்லை. எனவே பனையில் இரண்டாவது பிடியும் சுருக்குப்போட்ட தொங்குகயிறாகவே இருக்கவேண்டும். முதலாவதற்கு ஒரு முழம் மேலேயோ கீழேயோ, வெறும் தண்டில் அதை இறுக்குகிறேன். தண்டில் ஒட்டி நிற்கும் மட்டையடியான கங்குமட்டையின்மீது எதையும் கட்டக்கூடாது, மட்டை கழன்றால் கயிறும் கழன்றுவிடும். பச்சை மட்டையின் ஓரத்திலுள்ள கருக்கு, அரத்தைப்போலக் கயிற்றின் உறையை உராய்ந்து நூலாக்கிவிடும். கத்தியும் கருக்கும் இருக்கும் இடத்தில் ஒரே கயிற்றை நம்புவதற்கு நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு கயிறுகளிலும் தளர்வு இருக்கக்கூடாது. இவ்வகைக் கயிறுகள் இழுபடுவது மிகக் குறைவு. ஐரோப்பிய நியமத்தின்படி சாதாரண வேலைப்பாரத்தில் நீட்சி 5 வீதத்துக்கு மேற்படாது. ஆகவே, சுருக்குக்கு மேலே ஏறி நின்று வழுக்கினால் ஒரு மீற்றர் வீழ்ச்சிகூட இடுப்பையும் முதுகெலும்பையும் கடுமையாகத் தாக்கும்.

இரண்டாவது கயிறு ஆளை விழாமல் தடுத்துவிட்டாலும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. மயங்கி அசைவின்றித் தொங்குபவருக்குக் கால்களில் இரத்தம் தேங்கி உயிருக்கே கேடு வரலாம். காலூன்றி எழுந்து நிற்க ஒரு மிதிவளையம் பட்டியில் இருக்கவேண்டும். கீழே கட்டாயம் இன்னொருவர் நிற்கவேண்டும். இலங்கையில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வரும், ஆனால் மரத்திலிருந்து இறக்கும் வேலை நிற்பவருடையது. அதற்குரிய கயிறும் பழக்கமும் அவரிடம் இருக்கவேண்டும்.

எங்கள் பகுதியில் கள் சீவும் ஐயா ஒருவரிடம் இந்த அமைப்பைக் காட்டினேன். தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு காலையும் மாலையும் மரத்துக்கு மரம் ஏறுகிறவர் அவர். “தம்பி, ஒவ்வொரு மரத்திலும் இவ்வளவையும் கட்டி அவிழ்த்தால் பொழுது பட்டுவிடுமே” என்றார். அவர் சொல்வது சரி. அத்தனையும் அவருடைய தொழிலுக்குப் பொருந்தாது. ஆனால் வட்டுக்குள் நின்று இரு கைகளாலும் பாளை சீவும் நேரத்துக்கு மட்டும், மரத்தில் நிரந்தரமாக விட்டிருக்கும் ஒரு சுருக்குக்கயிற்றில் பட்டியின் கொளுக்கியைப் போடலாம் என்பதற்கு அவர் உடன்பட்டார். வெயில் படும் கயிற்றை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது, கொளுக்கியை ஒரு கையால் எப்படிப் பூட்டுவது என்பவற்றை வளவின் பின்புறமுள்ள கட்டைப் பனையில் இருவருமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.