நிலத்தைத் தட்டி மின்சமிக்ஞை கேட்பது

நிலத்தைச் சுத்தியலால் அடித்து, கீழே புதைந்த மண்படை எல்லையின் ஆழத்தை மின்சமிக்ஞையால் அறியும் முறை இது. ஈரமண்ணில் அதிர்வலை நுழைந்தால் துளைநீர் (மண்துகள்களுக்கு இடையிலுள்ள நீர்) நகரும். கூடவே மின்னேற்றமும் நகரும். அலையோடு ஓடும் சமிக்ஞை தூரத்துக்கேற்பப் பிந்தும். புதைந்த எல்லையில் பிறப்பதோ நிலத்தில் குத்திய எல்லா மின்முனைகளுக்கும் ஒரே கணத்தில் வரும், அடித்த புள்ளியின் இருபுறமும் எதிர்க்குறியோடு. அதைத்தான் தேடவேண்டும்.

ஆழம் கணிக்கும்போது, தெறித்துத் திரும்பும் அதிர்வலைக்குச் செய்வதுபோல் நேரத்தை இரண்டால் வகுக்காதீர்கள். மின்சமிக்ஞை திரும்ப நேரம் எடுப்பதில்லை: அலைவேகம் 400 மீ/செ, சமிக்ஞை வர 10 மில்லிசெக்கன் என்றால் ஆழம் 4 மீற்றர்.

தேவையானவை: 8 கிலோ சுத்தியல், அடிக்கத் தகடு, மின்முனைகளாகச் சோடிக்கு 1–2 மீற்றர் இடைவெளியில் உருக்குக் கூர்கள், நலிந்த சமிக்ஞையைப் பெரிதாக்கும் முன்பெருக்கி. கொழும்பில் பெரிய தலையிடி மின்விநியோகத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல். அந்த அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நொச் வடிகட்டி சமிக்ஞையையும் சிதைக்கும். பதிலாக, அடிக்கு முந்திய பதிவில் சைன் அலையைப் பொருத்தி, அதை முழுப் பதிவிலிருந்தும் கழியுங்கள். 64 அடிகளின் சராசரியில் தற்செயல் இரைச்சல் எட்டிலொன்றாகும். அடித்த கணத்தைப் பதிவுக்கருவிக்கு அறிவிக்கும் ட்ரிகர் கம்பி மின்முனைகளுக்கு அருகே கிடந்தால் பொய்ச்சமிக்ஞை நிச்சயம். வெள்ளவத்தைக் கடற்கரையோர உப்புநீரில் எதுவும் தேறுவது கடினம்.