பாதி ராத்திரிக்கு மேல் டூயட்

வயதான ராக் பாடகர்கள் பிறருடைய பழைய பாடல்களை எடுத்து, பாட்டுக்கு ஒரு விருந்தாளியைச் சேர்த்துக்கொண்டு ஜோடிப் பாடல் ஆல்பம் போடுவது வெறும் கல்லா கட்டும் வேலை என்கிறான் என் அக்கா மகன். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படிக்கிறான். சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடும் கூட்டத்தோடு சுற்றுகிறவன். "சரக்கு தீர்ந்துவிட்டது மாமா, தனியாகப் பாட மூச்சும் இல்லை. அதனால்தான் ஆளுக்கு ஆள் துணைக்குக் கூப்பிடுகிறார்கள்" என்றான். மூச்சைப் பற்றி அவன் சொன்னது சரி. ஆனால் அதை இளக்காரமாகச் சொல்ல என்ன இருக்கிறது?

நான் மதுரையில் மெல்லிசைக் குழு ஒன்றில் பல ஆண்டுகள் கிதார் வாசித்தவன். பங்குனிப் பொங்கல் தொடங்கிவிட்டால் சோழவந்தான், மேலூர், உசிலம்பட்டி என்று ஊர் ஊராக வேன் ஓடும். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லும் காலம் இல்லை அது. விடிய விடியக் கச்சேரி. எங்கள் குழுவின் மூத்த பாடகர் அன்றைய பட்டியலை எழுதும் அழகே தனி. முதலில் சாமி பாட்டு. அடுத்து, உச்சத்தில் நின்று பாட வேண்டிய தனிப்பாடல்களையெல்லாம் பதினொரு மணிக்குள் முடித்துவிடுவார். பாதி ராத்திரிக்கு மேல் வரிசையாக டூயட். பாடகி பல்லவியைப் பாடும்போது இவர் பக்கத்தில் நின்று வெந்நீர் குடிப்பார். தம் வரி வரும்போது முழு மூச்சோடு உள்ளே நுழைவார். டி.எம்.சௌந்தரராஜன் பிறந்த ஊர்ப்பக்கத்துக் கூட்டம்; பாடகரின் குரல் தளர்ந்தால் முன்வரிசையிலிருந்தே கேட்டுவிடும். அந்தக் கூட்டமே அவர் இளைப்பாறியதைக் கண்டுபிடித்ததில்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அதை வேறொருவர் கொடுப்பார். சுருதி எவ்வளவு உயரம் என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். பொதுவாக ஆண் குரலுக்கு ஒரு கட்டை, பெண் குரலுக்கு ஐந்து கட்டை என்பார்கள். டூயட்டில் இருவருக்கும் ஒரே சுருதிதான். பாடகர் "அரைக் கட்டை இறக்கு தம்பி" என்றால் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பாவம், அந்தப் பாடகிக்குக் கீழ்ஸ்தாயியில் சத்தமே எழும்பாது. எங்கள் மூத்த பாடகரோ சில பாட்டுகளில் இறக்கச் சொல்லமாட்டார்; தாமே பணிந்து, சன்னமாகப் பாடி அந்தப் பெண்ணை மேலே விட்டுவிடுவார். எந்த ஜோடிப் பாடலைக் கேட்டாலும் இங்கே விட்டுக்கொடுத்தவர் யார் என்றுதான் என் காது இன்றும் தேடுகிறது.

இந்தக் காதோடு அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் 1993 ஆல்பமான 'டூயட்ஸ்' கேட்டால் ஒன்றும் அகப்படாது. அவர் ராக் பாடகர் அல்லர். என்றாலும் பின்னால் வந்த பலருக்கு இந்த வாசலைத் திறந்துவிட்டது அந்த ஆல்பம்தான். பதிவின்போது அவருக்கு 77 வயது. அவர் தம் பங்கைப் பாடிவிட்டுப் போனார். விருந்தாளிகள் வேறு வேறு ஊர்களிலிருந்து தங்கள் பங்கைப் பாடிச் சேர்த்தார்கள், சிலர் தொலைபேசிக் கம்பி வழியாக. அமெரிக்காவில் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேல் விற்றது. இப்படித் தனித்தனியாகப் பாடிச் சேர்த்ததைச் சொல்லிச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. ஒரே கூடத்தில் வாத்தியக்காரர்களோடு சேர்ந்து நின்று பாடிய நம் சினிமா ஜோடிகளும் பிறகு தனித்தனியாக வந்து 'ட்ராக்' பாடிவிட்டுப் போகத் தொடங்கினார்களே.

இன்னொரு அமெரிக்கப் பாடகரான ரே சார்ல்ஸின் கதை வேறு. 2004 ஜூனில் இறந்தார். அவருடைய ஜோடிப் பாடல் ஆல்பமான 'ஜீனியஸ் லவ்ஸ் கம்பெனி' ஆகஸ்ட் கடைசியில் வந்தது. அமெரிக்க இசை உலகின் பெரிய விருதான கிராமி எட்டு கிடைத்தது. இறந்தவருக்குக் கொடுத்த மரியாதை என்று சிலர் சொல்லலாம். நோரா ஜோன்ஸோடு அவர் பாடியதைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். சிதார் மேதை ரவிசங்கரின் மகளான அந்தப் பெண் ஒரு இடத்திலும் அவரை முந்துவதில்லை. ரே சார்ல்ஸ் 1967இலேயே பாடிப் புகழ்பெற்ற பாட்டு அது. நோயில் தேய்ந்த குரலுக்குப் பக்கத்தில் அவளும் குரலைத் தணித்துக்கொள்கிறாள்.

தைராய்டு புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பாடவே மறுபடி பழக வேண்டியிருந்த ராக் பாடகர் ராட் ஸ்டூவர்ட், 2002 முதல் பழைய அமெரிக்கப் பாடல்களாகப் பாடி வரிசையாக ஆல்பம் வெளியிட்டார். இரண்டாவதில் பாடகி ஷெர் வந்து ஜோடி சேர்ந்தார். ஓட்டல் வரவேற்பறையில் ஒலித்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அவ்வளவுதான்.

இனி என் கட்சிக்கு முக்கியமான சாட்சி, ராபர்ட் பிளான்ட். லெட் ஸெப்பலின் என்ற ராக் குழுவில் அலறியே உலகத்தை எழுப்பியவர். ஃபிடில் வாசித்துப் பாடும் அலிசன் க்ராஸோடு 2007இல் 'ரைசிங் சாண்ட்' கொண்டுவந்தார். தயாரிப்பு டி போன் பர்னெட். குழுவுக்கு முன்னால் நின்று ஒற்றைக் குரலாகப் பாடியே பழகிய மனிதர், ஐம்பத்தொன்பது வயதில் இன்னொரு குரலின் கீழே, அதே மூச்சில், அதே சொல்லில் முடிக்கும்படி ஒத்திசைத்துப் பாடுகிறார். எவர்லி சகோதரர்களின் பாட்டும் அதில் இருக்கிறது. ஆனால் என்னை உட்கார வைத்தது அவர் லெட் ஸெப்பலின் கிதார்க்காரர் ஜிம்மி பேஜோடு சேர்ந்து 1998இல் வெளியிட்ட சொந்தப் பாட்டு. அதையே இங்கே வேகம் குறைத்து, க்ராஸின் குரலுக்கு இடம்விட்டுப் பாடியிருக்கிறார். எழுதியவருக்கே இப்போதுதான் அந்தப் பாட்டு பிடிபட்டதோ என்று நினைக்க வைக்கும். 2009இல் அந்தப் பதிவுக்கும் கிராமி, ஆல்பத்துக்கும் கிராமி.

கல்லா கட்டுவதுதான் நோக்கம் என்றால் பிளான்டுக்கு வேறு சுலபமான வழி இருந்தது. அதே 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் லெட் ஸெப்பலின் மீண்டும் மேடையேறியது. உலகம் சுற்றி வந்திருந்தால் பணம் கொட்டியிருக்கும். மனிதர் 2008இல் க்ராஸோடு ஊர் ஊராகப் பாடப் போய்விட்டார். இதைச் சொன்னதும் மருமகப் பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை.

'ஹார்ட்' என்ற ராக் குழுவின் பாடகி ஆன் வில்சனும் 2007இல் தம் முதல் தனி ஆல்பமான 'ஹோப் அண்ட் குளோரி'யைப் பிறர் பாடல்களால் நிரப்பினார். எல்டன் ஜான் வந்தார், க்ராஸ் அங்கேயும் வந்தார். ஈராக் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் போரைப் பற்றிய பழைய பாடல்களைத் தேடி எடுத்ததற்காகவே அவரை மதிக்கிறேன். பாட்டாகக் கேட்டால், அந்தப் பெரிய குரலுக்குப் பக்கத்தில் விருந்தாளிகள் நிற்கவே இடமில்லை. விட்டுக்கொடுக்கத் தெரியாத குரல் அது. அவர் தனியாகப் பாடுவதைக் கேட்கத்தான் எனக்கு ஆசை.

மருமகப் பிள்ளை இன்னும் முழுதாகத் தோற்கவில்லை. சினாட்ராவோடு 'யு2' குழுவின் பாடகர் போனோ பாடியதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறான். கேட்டுவிட்டுப் போகட்டும்; அந்த இரண்டு பேரில் ஒருவர்கூட மற்றவருக்காக அரைக் கட்டை இறங்கவில்லை என்று நான் சொல்லியாயிற்று.