519.24-க்கு அடுத்து 519.5

முதுகலை சேர்ந்து ஒரு மாதம் வரை பல்கலைக்கழக நூலகம் எனக்கு வெறும் படிக்கும் அறைதான். சொந்த நோட்டை எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வந்துவிடுவேன். முதன்முதலாக ஒரு புள்ளியியல் புத்தகம் தேவைப்பட்டபோது ஓபேக்கில், அதாவது நூலகத்தின் கணினிப் பட்டியலில், தலைப்பைத் தட்டினேன். 519.5 என்று ஓர் எண், அதன் கீழே மூன்று எழுத்து. புத்தகம் உள்ளேதான் இருப்பதாகவும் காட்டியது.

அலமாரியில் 519.24 கண்ணில் பட்டது. இருபத்து நான்கைவிட ஐந்து சின்னதுதானே என்று அதற்கு இடப்பக்கமே தேடிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த நூலக உதவியாளர் பக்கத்தில் வந்தார். "புள்ளிக்கு அப்புறம் இருபத்து நாலுன்னு படிக்காதீங்க தம்பி. ரெண்டு, நாலுன்னு ஒவ்வொண்ணா படிங்க. ரெண்டு வரிசை எல்லாம் முடிஞ்சாதான் அஞ்சு." புத்தக முதுகுகளின் மேல் விரலை வைத்து வலப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனார். 519.24, 519.5, அதற்கும் அப்பால் 519.536. நான் கேட்ட புத்தகம் கீழ்த்தட்டில் இருந்தது. குனிந்து அவரே எடுத்துக் கொடுத்தார்.

இந்த எண்முறையை அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்டார். ஒரே பொருளைப் பேசும் புத்தகங்களை இது பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கிறது. தமிழ் இலக்கியம் என்றால் 894.811. அதனால், தேடிய புத்தகம் கிடைத்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து புரட்டிப் பாருங்கள். என் ஆய்வேட்டுக்கு மிகவும் கைகொடுத்த இரண்டு புத்தகங்களின் பெயரே எனக்கு முன்பு தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்களாகத்தான் கிடைத்தார்கள்.

இரவல் எத்தனை, எத்தனை நாள், தாமதக் கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். கவுன்ட்டரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ரெஃபரன்ஸ் பிரிவு நூலகரைப் பற்றி. ஒரு ஜர்னல் கட்டுரை இணையத்தில் பணம் கேட்டது. அவரிடம் காட்டினேன். நூலகம் ஏற்கெனவே அதற்குச் சந்தா கட்டியிருந்தது. என் கணக்கில் நுழைந்தால் விடுதியிலிருந்தே திறக்கலாம் என்று செய்தே காட்டினார். எங்கள் நூலகத்தில் இல்லாத இன்னொரு புத்தகத்தை வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து நூலகங்களுக்கிடையிலான இரவலில் வரவழைத்துத் தந்தார். கேட்கக் கூச்சப்பட்டு எத்தனை பேர் இதையெல்லாம் இழக்கிறார்கள் என்று நினைத்தால் மனசு வலிக்கிறது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகளில் நான்காவது. அதைச் செய்யத்தான் நூலகர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. எடுத்துப் பார்த்த புத்தகத்தை நீங்களே அலமாரியில் செருகாதீர்கள், மேசையிலேயே வைத்துவிடுங்கள். ஒரு தட்டு மாறிப் போனாலும், அடுத்து அதைத் தேடி வருகிறவருக்கு "உள்ளே இருக்கிறது" என்றுதான் கணினி சொல்லும். கைக்குக் கிடைக்காது.