தலையணை உறையில் எண்ணிய முடிகள்: பத்து மாதக் கணக்கு

ஏப்ரல் முதல் ஞாயிறு காலை, எண்ணெய் வைப்பதற்கு முன் வெள்ளைத் தலையணை உறை ஒன்றை மேசைமேல் விரித்தேன். தலையைக் குனிந்து, பிடரியிலிருந்து நெற்றிப் பக்கமாகப் பெரிய பல் சீப்பால் சரியாக ஒரு நிமிடம் சீவினேன். விழுந்த முடிகள் 64. அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அதே சீப்பு, அதே உறை. புதன்கிழமை தலைக்குக் குளித்த பிறகு வரும் ஞாயிறுதான் எண்ண வேண்டும் என்றும் வைத்துக்கொண்டேன். குளிக்கும் இடைவெளி கூடினால், உதிரவேண்டிய முடியெல்லாம் சேர்ந்து ஒரே நாளில் விழும், கணக்கு கெட்டுவிடும்.

பங்குனியிலேயே முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. குளியலறை ஜல்லடையை வாரத்துக்கு இரண்டு தடவை சுத்தம் செய்தேன். சடையில் இரண்டு சுற்றில் நின்ற ரப்பர் பேண்டை மூன்று சுற்று சுற்றவேண்டி வந்தது. அம்மா கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார். அத்தை தன் கையாலேயே கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். நானும் சின்ன வெங்காயச் சாறு மூன்று வாரம் தேய்த்தேன். மண்டை அரித்ததுதான் மிச்சம், விட்டுவிட்டேன்.

தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி எண்ணெயைப் பற்றியது இல்லை. “மூணு மாசத்துக்கு முன்னாடி உடம்புக்கு என்ன ஆச்சு?” என்றார். காய்ச்சலா, பிரசவமா, அறுவை சிகிச்சையா, பட்டினியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பட்டினி என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. தை மாதம் தம்பி கல்யாணம். அதற்காகக் கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். காலையில் ஒரே ஒரு தோசை. ஏழு வாரத்தில் 8 கிலோ குறைந்தது. எல்லோரும் பாராட்டினார்கள், எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

தலைமுடி ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து ஆறு வருடம் வளர்கிறது, பிறகு மூன்று மாதம் போல ஓய்வில் இருந்துவிட்டு விழுகிறது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை விழுவது சாதாரணம்; என் 64 ஒரே நிமிடத்தில் விழுந்தது. உடம்புக்குப் பெரிய நெருக்கடி வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் நிறைய ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை விழுவது இரண்டு மூன்று மாதம் கழித்து. அதனால் கொட்டுகிற மாதத்தில் என்ன ஷாம்பூ போட்டோம் என்று யோசித்துப் பயனில்லை. என் உறையில் விழுந்த முடிகளை வெளிச்சத்தில் பார்த்தேன். பெரும்பாலானவற்றின் நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தது. நடுவில் ஒடிந்த முடிக்கு அது இருக்காது.

ரத்தப் பரிசோதனைக்கு முன் மருத்துவர் இன்னொன்றும் கேட்டார்: முடிக்கென்று விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா? மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கிய ஒரு பாட்டில் வீட்டில் இருந்தது. அதிக அளவு பயோட்டின், தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனைகளின் முடிவைத் தப்பாகக் காட்டக்கூடும் என்று சொல்லி, சில நாள் நிறுத்திவிட்டு வரச் சொன்னார். பிறகு அந்தப் பாட்டிலை நான் திறக்கவே இல்லை.

தைராய்டு சரி. ஹீமோகுளோபின் 12.1, பார்த்தால் நல்ல எண். ஆனால் ஃபெரிட்டின் 9. உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டுவது அது. 15-க்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மாதாமாதம் எனக்கு உதிரப்போக்கு அதிகம், அதன் மேல் பட்டினி வேறு. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு நல்லாயிருக்கிறீர்கள் என்று யாராவது அனுப்பியிருந்தால் நான் இன்னும் எண்ணெய்தான் மாற்றிக்கொண்டிருப்பேன்.

ஒன்றுவிட்டு ஒரு நாள் இரும்புச்சத்து மாத்திரை. மலம் கறுப்பாகப் போனது, மலச்சிக்கலும் வந்தது. இரவில் கொய்யாவும் நிறைய தண்ணீரும் கொஞ்சம் உதவின. பரிசோதனை செய்யாமல் யாரும் இதை வாங்கிப் போடக்கூடாது. அளவுக்கு மீறிய இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது.

மே மாத எண்ணிக்கை 71. மாத்திரை தொடங்கியும் கூடிவிட்டதே என்று அன்று அழுதேன். ஏற்கெனவே ஓய்வுக்குப் போன முடி விழுந்துதான் தீரும் என்பது மனதில் பதிய இன்னொரு மாதம் ஆனது.

சாப்பாட்டில் நான் முதலில் மாற்றியது டீயை. காலைப் பலகாரம் முடிந்த கையோடு ஒரு டம்ளர் டீ குடித்தால்தான் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் டீயும் காபியும் தடுக்கின்றன. டீயை ஒன்றரை மணி நேரம் தள்ளி வைத்தேன். முதல் பத்து நாள் தலைவலி, அப்புறம் பழகிவிட்டது. அதற்குப் பதில் சாப்பாட்டோடு புளிப்பு ஏதாவது ஒன்று: கீரையில் பிழிந்த எலுமிச்சை, பாதி பெருநெல்லி, அது கிடைக்காத நாளில் கொய்யா. வைட்டமின் சி அதே இரும்பை உள்ளே சேர்க்க உதவுகிறது.

அம்மா வீட்டுப் பரணிலிருந்து பழைய இரும்புச் சட்டியைக் கொண்டுவந்தேன். துருவைத் தேய்த்து, நல்லெண்ணெய் தடவி இரண்டு நாள் பழக்கினேன். புளி, தக்காளி சேர்ந்த குழம்பு இரும்புச் சட்டியில் கொதிக்கும்போது கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்குகிறது. ஆனால் கொதித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒருநாள் மாலை வரை சட்டியிலேயே விட்டேன்; குழம்பு கறுத்து, நாக்கில் காசு வைத்த மாதிரி இருந்தது.

முடி பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்.; எனக்கு 45 கிராம் வருகிறது. பழைய சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தால் பாதியைத் தாண்டவில்லை. இப்போது காலையில் இட்லியோடு ஒரு முட்டை, அல்லது முளைகட்டிய பாசிப்பயறு அடை. நாலு மணிக்குச் சுண்டல். வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, ஒரு நாள் நெத்திலி, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஆட்டு ஈரல். இரவில் அளவாகச் சாதம், பட்டினி கிடையாது.

இதில் மனம் கனத்துப்போன விஷயம் ஒன்று உண்டு. அதே ஐ.சி.எம்.ஆர். அட்டவணையில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து, பெண்ணுக்கு 29. எங்கள் வீட்டில் ஈரலும் முட்டையும் முதலில் போவது ஆண்கள் தட்டுக்கு. பாத்திரத்தில் ஒட்டியதை வழித்துச் சாப்பிடுவது அத்தையும் நானும். ஜூனில் ஒருநாள் இந்த எண்களை எல்லோர் முன்னாலும் வாசித்தேன். அன்று முதல் எங்கள் இருவர் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் பரிமாறுகிறோம்.

மற்ற பழக்கங்கள் சின்னவை: ஈரத்தில் சீவுவதில்லை, கொண்டையை இழுத்துக் கட்டுவதில்லை, பதினோரு மணிக்குள் படுத்துவிடுகிறேன். அத்தையின் எண்ணெயை விடவில்லை. சிக்கு விழாமல், முடி ஒடியாமல் இருக்க அது நல்லது.

ஜூன் 55, ஜூலை 38. ஜூலை நடுவில் நான்கு நாள் 103 டிகிரி காய்ச்சல். மறுபரிசோதனையை மருத்துவர் ஒரு மாதம் தள்ளி வைத்தார்; காய்ச்சல் இருக்கும்போது ஃபெரிட்டின் உண்மையைவிடக் கூடக் காட்டுமாம். ஆகஸ்ட் கடைசியில் எடுத்தபோது 27. எண்ணிக்கை ஆகஸ்டில் 26, செப்டம்பரில் 21. அந்தக் காய்ச்சலுக்கான கூலி வரும் என்று காலண்டரில் அக்டோபரை வட்டமிட்டு வைத்தேன். வந்தது: 44. இந்தத் தடவை நான் எதையும் மாற்றவில்லை. அதே சாப்பாடு, அதே மாத்திரை. நவம்பர் 36, டிசம்பர் 22.

வகிடு மட்டும் நாளுக்கு நாள் அகலமானாலோ, காசு அளவில் வட்டமாக முடி போனாலோ, மாதவிடாய் தள்ளிப்போய் முகத்தில் முடி வளர்ந்தாலோ அது வேறு வகை. அதற்கு என் கணக்கு உதவாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

நேற்று ஜனவரி முதல் ஞாயிறு. 15. நெற்றி ஓரத்தில் புது முடி குத்திட்டு நிற்கிறது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 5 செ.மீ. மாதத்துக்கு ஒரு செ.மீ. என்றால் இவை ஆகஸ்டில் முளைத்தவை. ரப்பர் பேண்ட் இன்னும் மூன்று சுற்றுதான். அடுத்த ஃபெரிட்டின் பரிசோதனை மாசியில். இந்த முறை அத்தையும் என்னோடு வந்து ரத்தம் கொடுக்கிறார்.