தொட்டிக் கணக்கு: டிஎல்எஸ் இணைப்பை ஒழுங்காக மூடும் வேலை

அல்சூரில் எங்கள் அடுக்குமாடியின் மேல் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று ராஸ்பெர்ரி பை என்ற ஒரு சின்னக் கணினி அளந்து, ராத்திரி ஒருதரம் மொத்தக் கணக்கையும் டிஎல்எஸ் (இணையத்தில் போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் முறை) வழியாக என் வீட்டுக் கணினிக்கு, அதாவது சர்வருக்கு, அனுப்புகிறது. இந்த வாரம் அந்த சி நிரலில் இணைப்பை மூடும் பகுதியை மட்டும் புதிதாக எழுதினேன். கீழ் வீட்டு அக்கா இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் டேங்கருக்குச் சொல்கிறார், அதனால் பாதிக் கணக்கு முழுக் கணக்கு போல வந்து உட்காரக் கூடாது.

டிஎல்எஸ் ஓடுவது டிசிபி என்ற அடிப்படை இணைப்பின் மேல். அந்த டிசிபியில் ‘முடிந்தது’ என்று சொல்லும் ஃபின் பாக்கெட்டுக்கு எந்தப் பூட்டும் கிடையாது. வழியில் இருக்கும் எவரும் ஒரு ஃபின்னைத் தாமே அனுப்பிப் பேச்சைப் பாதியில் வெட்டலாம், மறுமுனைக்கு இயல்பாக முடிந்த மாதிரிதான் தெரியும். டிஎல்எஸ்ஸின் முன்னோடியான எஸ்எஸ்எல் 2-இல் இந்த ஓட்டை இருந்தது. 1996-இல் வந்த எஸ்எஸ்எல் 3 தான் குளோஸ் நோட்டிஃபை என்ற பாதுகாக்கப்பட்ட செய்தியால் அதை அடைத்தது. கடிதத்தின் அடியில் போடும் கையெழுத்து மாதிரி அது. இல்லாவிட்டால் கடைசிப் பக்கம் தொலைந்ததா என்று தெரியாது.

முதலில் பைக்கும் சர்வருக்கும் நடுவில், வருவதை அப்படியே கடத்தும் ஒரு சின்ன ரிலே நிரலை வைத்து, சில கிலோபைட் போனதும் சர்வர் பக்கம் ஃபின் அனுப்பச் செய்தேன். நான் பயன்படுத்தும் டிஎல்எஸ் நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 3-இல், படிக்கும் செயல்பாடான எஸ்எஸ்எல்_ரீட் எதிர்பாராத முடிவு என்று நேராகவே பிழை சொல்கிறது. பழைய 1.1.1-இல் இதே இடத்தில் சிஸ்கால் (கணினி அழைப்பு) பிழை, ஆனால் காரணம் சொல்லும் எர்னோ எண் பூஜ்யம். கவனிக்காமல் தாண்டிப் போவது ரொம்பச் சுலபம். இப்போது சர்வர் வரிகளைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, குளோஸ் நோட்டிஃபை வந்தால் மட்டுமே உண்மையான பெயருக்கு மாற்றுகிறது.

அனுப்பும் பக்கம்தான் நேரம் எடுத்தது. குளோஸ் நோட்டிஃபை அனுப்பும் எஸ்எஸ்எல்_ஷட்டவுன் 0 கொடுத்தால் தோல்வி இல்லை, நம்முடையது போய்விட்டது, எதிர்ப்பக்கத்துடையது இன்னும் வரவில்லை என்று அர்த்தம். சரி, அப்போதே சாக்கெட்டை மூடினால் என்ன? டிஎல்எஸ் 1.3-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் சர்வர் ஹேண்ட்ஷேக் (தொடக்க அறிமுகம்) முடிந்ததும், அடுத்த தடவை சீக்கிரம் இணைய உதவும் இரண்டு செஷன் டிக்கெட்டைத் தானாகவே அனுப்பும். என் பை எழுத மட்டும் செய்து எதையும் படிக்காவிட்டால், அந்த டிக்கெட்டுகள் கெர்னல் பஃபரில் அப்படியே கிடக்கும், அந்த நிலையில் மூடினால் லினக்ஸ் ஃபின்னுக்குப் பதில் இணைப்பைச் சட்டென்று முறிக்கும் ஆர்எஸ்டி பாக்கெட்டை அனுப்பிவிடும், இன்னும் கிளம்பாத வரிகள் அதோடு போச்சு. மாடியில் வைஃபை மந்தமாக இருக்கும் நேரத்தில் இது சும்மா புத்தகக் கவலை இல்லை. பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தேன்: 1.3-இல் குளோஸ் நோட்டிஃபையும் வெளியே அப்ளிகேஷன் டேட்டா என்றே தெரிகிறது, நீளம் 19 (அலர்ட் 2 பைட், வகைக்கு 1, சரிபார்ப்பு டேகுக்கு 16), இணைப்பின் சாவிகள் உள்ள கீ லாக் கோப்பைக் கொடுத்த பிறகுதான் அதன் பெயர் வந்தது. அதன் பின்னாலேயே சிவப்பில் ஆர்எஸ்டி.

ஆகவே எல்லாம் எழுதியதும் ஷட்டவுன், 0 வந்தால் ஜீரோ ரிட்டர்ன் (எதிர்ப்பக்கத்தின் குளோஸ் நோட்டிஃபை வந்துவிட்டது என்ற குறி) கிடைக்கும்வரை எஸ்எஸ்எல்_ரீட், அப்புறம்தான் சாக்கெட்டை மூடுவது. 1.3-இல் ஒரு பக்கம் மூடினாலும் மறுபக்கம் திறந்தே இருக்கும், எனவே சர்வர் கோப்பை டிஸ்க்கில் எழுதிவிட்டு எத்தனை வரி வந்தது என்று பதில் சொல்லிவிட்டுத் தன் பக்கத்தை மூடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 1.2-இல் இது ஆகாது, குளோஸ் நோட்டிஃபை வந்ததும் உடனே பதிலுக்கு அனுப்பி மூடியாக வேண்டும், அதனால் குறைந்தபட்ச பதிப்பை 1.3 ஆக்கிவிட்டேன். நடுவில் கரண்ட் போய் சர்வர் நின்றால் பை காத்துக்கொண்டே கிடக்காமல் இருக்க ரிசீவ் டைம்அவுட் உண்டு. சிஸ்கால் பிழையோ எஸ்எஸ்எல் பிழையோ வந்த இணைப்பில் ஷட்டவுனைக் கூப்பிடவே கூடாது, நேராக சாக்கெட்டை மூட வேண்டியதுதான்.

அடுத்தது வரைபடம் போடும் பைத்தான் ஸ்கிரிப்ட். அங்கே சப்ரஸ்_ராகட்_ஈஓஎஃப்ஸ் என்ற அமைப்பு முன்னிருப்பாகவே ட்ரூ, வெட்டுப்பட்ட இணைப்பையும் சாதாரண முடிவாகக் காட்டிவிடும். அதை ஃபால்ஸ் ஆக்கி, அதே ரிலேயை நடுவில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.